ஜைத் தோளில் என் சால்வை

ஹாஜிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சக்கரை இப்போ எவ்வளவு இருக்கு? நம்ம பொண்ணு சாய்மா வேளைக்கு மாத்திரை குடுக்குதா? நான் சௌக்கியம். நந்தனத்துலதான் சர்க்கஸ் கூடாரம், இன்னும் இருபது நாள் ஷோ.

நேத்து மயிலாப்பூர்ல எனக்குப் பாராட்டு விழா. நாப்பது வருஷ ஜோக்கராச்சே! முதல்ல பத்து நிமிஷம் வேடிக்கை காட்டணும்னாங்க. என் முழங்கால் இப்போ குட்டிக்கரணத்துக்கு ஆகாது. அதனால கூட வேலை செய்யற ஜைத் என் வேஷத்தைப் போட்டுக்கிட்டான். அவன் மூஞ்சியில சாயம் பூசி என் ஜோக்கர் மூஞ்சியை நான்தான் வரைஞ்சுவிட்டேன். நீ தச்ச வெள்ளைச் சட்டையோட நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்.

ஆட்டம் முடிஞ்சதும் தலைவர் சால்வையை அவன் தோள்ல போட்டுட்டார். "ஐயோ, நான் இல்ல சார், அவருதான்!"னு என்னைக் கைகாட்டினான். அதையும் வேடிக்கைன்னு நினைச்சு சபையே விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் எழுந்தேன். "உக்காருங்க பெரியவரே, மறைக்குது"ன்னாங்க பின்னாடி. உக்காந்து கைதட்டினேன்.

அப்புறம் ஜைத் சால்வையைக் கொண்டாந்து அழுதான். நீயே வச்சுக்கோன்னுட்டேன்.

முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. ஷோவுக்கு மணி அடிச்சிட்டாங்க. பேப்பர்ல வந்த படத்தை இத்தோட வச்சிருக்கேன். தெருவுல கேட்டா நான்தான்னு சொல்லு. அந்த மூஞ்சி நான் வரைஞ்சதுதானே, பொய் ஆகாது.

மெஹபூப் அலி