போடட்டுமா, வரட்டுமா?

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். போனில் கேட்டால் என் குரல் போகிற போக்கிலேயே நீங்களும் போவீர்கள். அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என்னை நிரந்தரமாக்குகிறார்களாம். கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம் இங்கேதான். போடட்டுமா, உங்களிடமே திரும்பி வரட்டுமா? உங்கள் மனதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 9

என் வாயாடிக்கு,

சலூனில் நல்ல கூட்டம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு எது சந்தோஷமோ அதுதான் எனக்கும்.

உன் சலூன்காரன்

பிப்ரவரி 13

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்துப் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 17

என் வாயாடிக்கு,

அருமையான முடிவு! நானே அதைத்தான் சொல்ல இருந்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் சலூன்காரன்

பிப்ரவரி 22

என்னங்க,

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ‘வேண்டாம், வந்துடு’ என்று ஒரு வரி வராதா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன்.

அண்ணன் உங்களிடம் முடி வெட்ட வந்தாராம். “பொண்டாட்டிய வெளியூருக்கு வேலைக்கு விட்டது தப்பு மாப்ளே” என்றாராம். “ஆமா மச்சான், என் தப்புதான்” என்றீர்களாம். பெஞ்சில் இருந்த வாத்தியார், “பொம்பளைங்க வேலைக்குப் போறதுதாங்க நல்லது” என்றதும், “சரியாச் சொன்னீங்க சார்!” ஒரே முடிவெட்டுக்குள் இரண்டு ஆள். கேட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். இதில் என் புருஷன் யார்?

உங்கள் வாயாடி

மார்ச் 1

என் வாயாடிக்கு,

உண்மைதான். நாளெல்லாம் எதிரே கண்ணாடி. உட்கார்ந்திருப்பவர் முகமும் தெரியும், அதற்கு மேலே என் முகமும் தெரியும். அவர் புருவம் அசைந்தால் போதும், என் பேச்சு மாறிவிடுகிறது. கடையைச் சாத்தின பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. நீ சந்தோஷம் என்று எழுதினாய், நானும் சந்தோஷமாகிவிட்டேன். பதிலைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, உன் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படுத்தேன். எனக்கு நீ வேண்டும். அந்த வேலை வேண்டாம், வந்துவிடு.

உன் சலூன்காரன்

மார்ச் 7

என்னங்க,

படித்ததும் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. எந்த வரிக்காகக் காத்திருக்கிறேன் என்று போன கடிதத்தில் நான்தானே எழுதிக் கொடுத்தேன்! நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. அந்தத் தலையணையை நம்பத்தான் ஆசையாக இருக்கிறது. ஆனால் இது உங்கள் மனதிலிருந்து வந்ததா, என் முகத்தைப் பார்த்து வந்ததா என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. உங்களுக்கும் தெரியாது.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம். எழுதினால் ‘சரி’ என்றுதான் எழுதுவீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாயாடி