மலர்கொடிக்குத் தைத்த பெல்ட்

12.8.2024, திங்கள்

ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு ரவிக்கை தைக்கக் கிடக்கிறது. இன்று ஒன்றுகூட முடியவில்லை. காரணம் மலர்கொடி.

எங்கள் டவுன்ஷிப் பிளாக் தெருவைப் பெருக்குகிற கான்ட்ராக்ட் பெண், பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரி. மூன்று வருஷமாக வாசலில் நின்று தண்ணீர் கேட்பாள், ரெண்டு வார்த்தை பேசுவாள், போய்விடுவாள். இன்று ஒரு மஞ்சள் பையோடு உள்ளே வந்தாள். பையில் கடையில் வாங்கிய அகலமான எலாஸ்டிக் பெல்ட்.

"இத்த கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்கக்கா. போட்டுகினு குனிய முடியல. வேர்த்து ஊத்துது. ஒட்டுற பட்டை பொடவையப் புடிச்சு இழுக்குது."

எதுக்கு இந்த பெல்ட் என்று கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னாள்.

தொப்புளுக்குக் கீழே, பழைய சிசேரியன் தழும்பின் மேல், ஒரு சாத்துக்குடி அளவுக்கு வயிறு தனியாகப் புடைத்திருந்தது. இரணியா. குடலிறக்கம். நாலு வருஷமாக இருக்கிறதாம். ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும், ஆனால் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, ரத்தம் குறைவு, ரெண்டையும் சரி செய்துகொண்டு அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை பெல்ட் போடு, பாரம் தூக்காதே. பாரம் தூக்காதேயாம். குப்பை வண்டியை யார் தள்ளுவது?

"படுத்தா உள்ள போயிரும்க்கா, பாருங்க" என்று பாயில் படுத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். போயே விட்டது. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். தோலுக்கு அடியில் களுக்கென்று ஏதோ நகர்ந்தது. குடல். ஒரு பெண்ணின் குடல் என் கைக்குக் கீழே அதன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று.

இருபத்தாறு வருஷமாகப் பெண்களை அளக்கிறேன். வயிறு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு என் வயிற்றின் மேலேயே கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வலியா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

14.8.2024, புதன்

கடை பெல்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். இதைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தைப்பது சுலபம். சொல்லியும்விட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கடை பெல்ட் வாங்குவதற்கு முன் என்ன செய்தாய் என்று கேட்டேன். துண்டை நாலாக மடித்து அங்கே வைத்து, அதன்மேல் பாவாடை நாடாவை இழுத்துக் கட்டிக்கொள்வாளாம். காட்டினாள். நாடா அறுத்த தடம் இடுப்பைச் சுற்றிக் கறுத்து, பள்ளமாகவே ஆகியிருக்கிறது. இதோடுதான் எங்கள் தெரு தினமும் சுத்தமாக இருந்திருக்கிறது.

மேல்வீட்டு காயத்ரி நர்ஸ். இறங்கி வந்து பார்த்தாள். படுக்க வைத்து, தழும்பின் மேல் விரல் வைத்து, "ஓட்டை இங்கதான்க்கா இருக்கு, ரெண்டு விரல் அகலம்" என்று காட்டினாள். நானும் தொட்டுப் பார்த்தேன். சதைக்கு நடுவில் ஒரு விளிம்பு. கிழிந்த துணியின் ஓரம் கைக்குத் தட்டுப்படுவது போலத்தான். அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன்: மலர்கொடி. இடுப்பு 34. ஓட்டை 2 விரல்.

போகும்போது காயத்ரி மலர்கொடியிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: கட்டி கல் மாதிரி ஆகி உள்ளே போகாமல் நின்றாலோ, வாந்தி வந்தாலோ, பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

19.8.2024, திங்கள்

முதல் பெல்ட் முடிந்தது. கெட்டி காட்டன், உள்ளே மெத்தென்று லைனிங், ஓட்டை இருக்கும் இடத்தில் பஞ்சு வைத்து உருண்டையாக ஒரு மேடு. போட்டு நிறுத்திப் பார்த்தேன். சிக்கென்று இருந்தது. நான் தைத்தால் அப்படித்தான் இருக்கும்.

21.8.2024, புதன்

இரண்டு மணி நேரம்தான் போட்டாளாம். அப்புறம் மரத்தடியில் கழற்றிப் பையில் வைத்துவிட்டாள். விலாவில் கீறல், தொடை மடிப்பில் சிவந்து கிடக்கிறது. "நின்னா நல்லாதாங்க இருக்குது" என்று எனக்கு ஆறுதல் வேறு.

காயத்ரிதான் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது, ஓட்டைக்குள்ள உருண்டையா அமுக்குனா ஓட்டைதான பெருசாகும்? தட்டையா, அகலமா இருக்கணும். அப்புறம் நிக்க வச்சா அளந்தீங்க? அவ வேலைய நின்னுகிட்டா பாக்குறா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டெய்லர் என்றால் நேரே நில், மூச்சை விடு, கையைத் தூக்கு. எவளையாவது குனிய வைத்து அளந்திருக்கிறேனா?

23.8.2024, வெள்ளி

மலர்கொடி கையில் துடைப்பத்தைக் கொடுத்து என் அறையையே பெருக்கச் சொன்னேன். பெருக்கப் பெருக்க டேப்போடு பின்னாலேயே சுற்றினேன். நிற்கும்போது 34. குனிந்தால் 36. குத்த வைத்தால் 38க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு இட்லி சாப்பிட்டதும் அதற்கு மேல் ஒரு இஞ்ச். சும்மா மூச்சு விடுவதற்கே அரை இஞ்ச் போய் வருகிறது. குனியும்போது மேல் ஓரம் தளர்கிறது, கீழ் ஓரம் இறுகுகிறது, நிமிர்ந்தால் நேர்மாறு.

ஒரே பெண். ஒரே இடுப்பு. ஒரு காலைக்குள் ஐந்தாறு அளவு. இத்தனை வருஷம் நான் எதை அளந்துகொண்டிருந்தேன்?

1.9.2024, ஞாயிறு

நாலு பெல்ட் தைத்துப் பிரித்தாயிற்று. எலாஸ்டிக் போட்டால் வேர்வையில் தோல் உரிகிறது. கொக்கி வரிசை போட்டால் குனியும்போது தெறிக்கிறது. கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தேன்.

"ஏம்புள்ள, துணி என்ன பண்ணுச்சு உன்னை?" என்றார் இவர். பழனிசாமி அவர்கள், மைன்ஸில் கரி சுமக்கிற கன்வேயர் பெல்ட் ஒட்டுகிற பிரிவு, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். என் பிரச்சினையைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ரேஷன் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

கரி ஏறினால் கன்வேயர் பெல்ட் நீளுமாம், காலியானால் சுருங்குமாம். யாரும் போய் இறுக்குவதில்லை. ஒரு இடத்தில் பெல்ட்டைக் கீழே இறக்கி எடை தொங்க விட்டிருப்பார்கள். எடை தானாக ஏறும், இறங்கும். "இங்க தொய்வானா அங்க இழுத்துக்கும். ஒரே பெல்ட்டுதானே. இறுக்கிக் கட்டுனா நிக்கும்னு நெனைக்காதே, அதுதான் அறுந்து போகும்." ஒட்டுப் போடும் இடத்தில் எல்லா அடுக்கையும் ஒரே கோட்டில் வெட்டமாட்டார்களாம். படிப்படியாக வெட்டினால்தான் ஓரம் கடிக்காது, கிழியாது.

கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட்டை ஒட்டுகிற மனுஷன் இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று நான் ஒரு நாள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இன்னொரு தோசை வார்த்துப் போட்டேன்.

8.9.2024, ஞாயிறு

நாடா!

பாவாடை நாடாதான். பெல்ட்டின் வலது பக்கத்தைத் திறந்துவிட்டேன். இரண்டு ஓரத்திலும் எட்டெட்டுத் துணி வளையம். ஒரே நாடா அவற்றுக்குள் மேலிருந்து கீழே மாறி மாறி ஓடுகிறது. குனிந்தால் மேலே தளர்ந்த நாடா தானாக வழுக்கிக் கீழே போகிறது. நிமிர்ந்தால் திரும்பி வருகிறது. முடிச்சை ஒரு கையால் இழுத்தால் இறுக்கம், தள்ளினால் தளர்வு. நடுவில் மூன்று அடுக்குத் துணி, அப்புறம் இரண்டு, ஓரத்தில் ஒன்றே ஒன்று. மேட்டுக்குப் பதிலாகக் கையகலத்துக்குத் தட்டைப் பட்டை. பாவாடைக்குத் தனி நாடாவே வேண்டாம், பெல்ட்டின் கீழ் ஓரத்தில் நாலு கொக்கியில் தொங்கும்.

வளையத்துக்குள் நாடா ஓடுவதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் எட்டிப் பார்த்து, "எடை எங்க?" என்றார். அவள் வயிறுதான் எடை என்றேன்.

16.9.2024, திங்கள்

மலர்கொடி சாயங்காலம் வந்தாள். எங்கே அறுக்கிறது, எங்கே இழுக்கிறது என்று கேட்க நோட்டோடு உட்கார்ந்தேன்.

"கழட்டணும்னே ஞாபகம் வரலக்கா."

22.9.2024, ஞாயிறு

அவள் இன்று சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "நாலு வருசத்துல இப்பதாங்க ரெண்டு கையாலயும் பெருக்குறேன்." இத்தனை நாள் ஒரு கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவள் நான். ஒற்றைக் கையால்தான் பெருக்குகிறாள் என்பதைக் கவனித்ததே இல்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

17.10.2024, வியாழன்

சர்க்கரை இறங்கிவிட்டதாம். ரத்த அளவும் பத்தைத் தாண்டியாயிற்று. திங்கட்கிழமை ஆபரேஷன். தீபாவளித் துணி தலைக்கு மேல் இருக்கிறது, கூடப் போக முடியாது.

4.11.2024, திங்கள்

அவள் போகவே இல்லை.

காயத்ரி சொல்லித்தான் தெரியும். இரண்டு வாரமாக என் ஜன்னலுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பார்த்தேன், பார்த்தேன், தையல் பரபரப்பில் மண்டையில் ஏறவில்லை.

5.11.2024, செவ்வாய்

வடக்குத்துக்கு நேரே அவள் வீட்டுக்கே போனேன். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஆரம்பித்தேன்.

"எதுக்குக்கா ஆப்ரேசன்? பெல்ட்டு போட்டுகினு நல்லாத்தான இருக்கறேன். மூணு மாசம் வூட்ல படுத்துகினா என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாங்க. எட்டு வருசம் நின்ன எடம். நீ வந்து குடுப்பியா?" கோபத்தில் 'நீ' என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீங்க தச்சுக் குடுத்ததுலதாங்க பயமே போச்சு."

வலி இருந்தவரை ஆஸ்பத்திரிக்குப் போக நாள் எண்ணினாள். வலியை நான் எடுத்துவிட்டேன்.

பெல்ட்டைக் கொடு என்றேன். கொடுக்கமாட்டேன் என்றாள். சரி, படு, அளவு எடுக்கணும் என்றேன். தளர்ந்துவிட்டதைச் சரி செய்யத்தான் என்று நினைத்துப் படுத்தாள். நாடாவை அவிழ்த்து, காயத்ரி காட்டிய இடத்தில் விரலை வைத்தேன். இரண்டு விரலும் உள்ளே தாராளமாக நின்றன. மூன்றாவது விரலை வைத்தேன். அதுவும் போயிற்று.

நோட்டைப் பிரித்து ஆகஸ்ட் பக்கத்தைக் காட்டினேன். ரெண்டு விரல். இப்போது மூணு. "பெல்ட் வெளிய புடிச்சுக்கிட்டு இருக்கு, மலரு. உள்ள கிழிஞ்சுக்கிட்டே இருக்கு."

அவளே தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

வருவதற்கு முன் காயத்ரியிடம் கேட்டிருந்ததைச் சொன்னேன். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. உள்ளே வலை வைத்துத் தைக்கிறார்களாம். கொசுவலை மாதிரி மெல்லியது, ஓட்டையைவிட நாலாபக்கமும் அகலமாக. பிள்ளைகளின் யூனிபார்ம் பேண்டுக்கு நான் ஒட்டுப் போடுகிற அதே கணக்கு. கொஞ்ச மாதத்தில் அவளுடைய சதையே அந்த வலைக்கண்களுக்குள் வளர்ந்து வலையைப் பிடித்துக்கொள்ளுமாம். துணியைப் பிடித்துக்கொண்டு வளர்கிற உடம்பு. இதைக் கேட்டதிலிருந்து ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

"நான் வெளிய தைக்கிறவ. உள்ள தைக்கிறவங்ககிட்ட போ" என்றேன்.

"வேல?" என்றாள்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். அவள் நாத்தனார் பட்டம்மாளை மூணு மாதம் அவள் இடத்தில் அனுப்பலாம், சூப்பர்வைசர் சம்மதிப்பார். ஆனால் நிலத்தகராறில் ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அவ வாசல்ல போயி நான் நிக்கணுமா?" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். பெல்ட்டைக் கேட்கவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்திருக்கவேண்டுமோ?

9.11.2024, சனி

தெருவைப் பெருக்கியது வேறு ஒரு பெண். பயந்து போய் ஓடி விசாரித்தேன். "நான் பட்டம்மாளுங்க. அண்ணி வேலய கத்துகினு வரச் சொன்னாங்க." மலர்கொடி நின்றிருக்கிறாள். அந்த வாசலில் போய் நின்றேவிட்டாள்.

26.11.2024, செவ்வாய்

வெளியே மழை. ஆஸ்பத்திரி பெஞ்சில் பட்டம்மாளும் நானும். இரண்டரை மணி நேரம். முடிந்தது, நல்லபடியாக இருக்கிறாள் என்றார்கள். பட்டம்மாள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். அவளோடு எனக்கு மூணு தடவை பார்த்த பழக்கம்தான்.

2.12.2024, திங்கள்

கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தேன். பத்தொன்பது தையல். எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே இடைவெளி, ஒரே இழுப்பு. உயிருள்ள சதையில். யார் தைத்தது என்று கேட்டேன். என் மகள் வயசுப் பெண் ஒருத்தியைக் காட்டினார்கள். கும்பிட்டேன். அந்தப் பெண் கூச்சப்பட்டு, "இவங்க போடுற பெல்ட் யார் தச்சது, நல்லா இருக்கே" என்று கேட்டாள். மலர்கொடி என்னைக் காட்டினாள். நான் தரையைப் பார்த்தேன்.

3.3.2025, திங்கள்

மலர்கொடி வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். குப்பை வண்டியைப் பட்டம்மாள் தள்ளுகிறாள், ரெண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. இன்று கூட ஒரு பெண்ணை அழைத்து வந்தாள். பூங்காவில் செடிக்குத் தண்ணீர் விடுகிற கண்ணகி. ஒரு வருஷமாக இரணியா, எல்லோரையும் போல நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு. பெல்ட் வேண்டுமாம். ரவிக்கைக்கு அளவு கொடுப்பதுபோல் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

நான் டேப்பை எடுக்கவில்லை. "ஆபரேஷன் என்னைக்கு?"

"இன்னும் டாக்டர்கிட்டயே போவலீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மலர்கொடி அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டாள். "மொதல்ல தேதி வாங்கிகினு வருவோம், வா. அது இல்லாம அக்கா அளவு எடுக்க மாட்டாங்க." பத்தரை மணி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அளவு நோட்டில் புதுப்பக்கம் போட்டேன். கண்ணகி. ஆபரேஷன் தேதி என்று எழுதி அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். இடுப்பு அளவெல்லாம் அதற்குக் கீழே.