எண்பதுக்குக் கீழே

12 ஜூன் 2018, ஃபால்மத்

மகள் வென்னாவுக்கு இரண்டாவது பல். கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். கீழ்த்தளத்து மிஸ்டர் பென்ரோஸ் குங்குமப்பூ பன் கொண்டுவந்தார். குழந்தை வண்டியின் சக்கரத்துக்கு எண்ணெயும் விட்டுக் கொடுத்தார். அந்தச் சாக்கில் குத்தகைப் பேச்சை எடுத்தேன். கட்டடமும் அடிமனையும் அவருடையவை. நாங்கள் வாங்கினோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் இந்த முதல் மாடி, தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகையில் மிச்சமிருக்கும் வருஷங்கள்தான். அவை தீர்ந்தால் சுவர், கூரை, நான் ஏணி மேல் நின்று அடித்த நீலச் சாயம் எல்லாம் அவருடைய வாரிசுகளுக்கு. மிச்சம் குறையக் குறைய வங்கி கடன் தராது, வீட்டை விற்கவும் முடியாது. இப்போதே நீட்டித்துவிட வேண்டும்.

"நமக்குள்ள எதுக்கு கண்ணு வக்கீலு? படகுப் போட்டி முடியட்டும். ஒரு டீயைக் குடிச்சிக்கிட்டே பேசி முடிச்சிருவோம்."

எவ்வளவு நல்ல மனிதர்.

3 ஜூலை

மறுபடி கேட்கலாமா? நச்சரிக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? ஜாகோ கேட்கமாட்டான். வெளியாளிடம் பணம் என்ற சொல்லை எடுத்தாலே என் கணவனுக்குக் காது சிவந்துவிடும். எங்கள் ஊரே அப்படித்தான். மழையைப் பற்றி என்றால் ஒரு மணி நேரம் பேசுவோம்.

20 ஆகஸ்ட்

படகுப் போட்டி முடிந்துவிட்டது. இப்போது இடுப்பு வலியாம். "அடுத்த மாசம் பாப்போம். வீடு எங்கயும் ஓடிப்போயிடாது."

6 செப்டம்பர்

படியில் பிரிஜிட்டைப் பார்த்தேன். மேல்மாடியில் இருக்கும் நர்ஸ். பென்ரோஸ் டீக்குக் கூப்பிட்டிருப்பதைச் சொன்னேன். சிரித்தாள்.

"நான் போன வருஷமே வக்கீல் நோட்டீஸ் விட்டு நீட்டிச்சிட்டேன். அதான் எனக்கு பன் வர்றதில்ல."

வக்கீலின் எண்ணைக் கொடுத்தாள். "பன்னைத் தின்னது போதும். முதல்ல போன் பண்ணு" என்றாள்.

11 செப்டம்பர்

வக்கீலிடம் பேசினேன்.

எண்பது! குத்தகையில் மிச்சம் எண்பது வருஷத்துக்குக் கீழே போய்விட்டால், நீட்டிப்பதால் வீட்டுக்கு எவ்வளவு மதிப்புக் கூடுகிறதோ அதில் பாதியையும் மனைக்காரருக்குக் கொடுக்க வேண்டுமாம். சட்டமே அப்படி. தலைகீழாக நின்றாலும் எங்களால் முடியாத தொகை. எங்கள் குத்தகை எண்பதைத் தொடுவது இதே மாதம் 29, மிக்கேல் திருநாளன்று. அதற்குள் நோட்டீஸ் அவர் கைக்குப் போனால் இன்றைய கணக்கு. தாண்டிப் போனால் —

பென்ரோஸுக்கு இது தெரிந்திருக்காது. பாவம், வயதானவர். நாளைக்குச் சொல்கிறேன். பதறிவிடுவார்.

12 செப்டம்பர்

தெரியும்!

தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். எண்பது வருஷ விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

"தெரியாம இருக்குமா? இருபது வருஷமா வீட்டுக்காரன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே கண்ணு."

கண்ணாம் கண்ணு! முகத்தில் ஒரு சலனமாவது? கிடையாது. ஒரு கை பீன்ஸை அள்ளி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி வேறு சொன்னேன். நன்றி! பையில் கை விடுகிறவனுக்கும் நன்றி சொல்லும்படி எங்களை வளர்த்துவிட்டிருக்கிறார்கள்.

13 செப்டம்பர்

ஜாகோவோடு சண்டை.

"வென்னா பொறந்த அன்னிக்கு நம்மள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு கெரா?"

"அதுக்கு டாக்ஸி பில்லு அனுப்பச் சொல்லு, குடுத்துடறேன்."

"நோட்டீஸ் விட்டுட்டு அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"நம்ம மூஞ்சில அவர் தினம் முழிக்கிறாரே! கூச்சப்பட்டாரா?"

அவன் பாத்திரம் கழுவப் போய்விட்டான். கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவான். இன்று எல்லாம் பளபளவென்று இருக்கின்றன.

15 செப்டம்பர்

பத்து மாசக் கொழந்த இருக்கற வீடுன்னு தெரிஞ்சே காலண்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்காரே அந்த மனுஷன்!

26 செப்டம்பர்

மதிப்பீட்டாளர் வந்து அளந்தார், வக்கீல் நோட்டீஸைத் தயாரித்தார். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதாக நானே சொல்லிவிட்டேன். வென்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

"இதென்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

"நோட்டீஸ்."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். படித்தார். "டீ குடிச்சிக்கிட்டே பேசியிருக்கலாம்."

"மூணு மாசமா உங்க வீட்டுல தண்ணி கொதிக்கவே இல்லையே, மிஸ்டர் பென்ரோஸ்."

கையெழுத்துப் போட்டார். 'ஸாரி' என்ற சொல் என் உதடு வரை வந்துவிட்டது. விழுங்கினேன். மேலே வரும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வென்னா என் காதைக் கடித்தாள்.

29 செப்டம்பர்

மிக்கேல் திருநாள். மழை.

4 டிசம்பர்

அவருடைய வக்கீலிடமிருந்து பதில் வந்திருக்கிறது. நாங்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். அது போகட்டும். அந்த வக்கீலுக்கான கூலியையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டுமாம்! அதுவும் சட்டம். அடிக்க வருகிறவனுக்குக் கம்பும் நாமே வாங்கித் தர வேண்டும். யார் எழுதிய சட்டம்? நிச்சயமாக மனை வைத்திருந்தவன்தான்.

கீழே பொதுக் கூடத்தில் புதிதாக ஒரு சீட்டு: 'குழந்தை வண்டிகளை இங்கே நிறுத்தக் கூடாது.' இந்தக் கட்டடத்தில் குழந்தை வண்டி எத்தனை இருக்கிறது? ஒன்று.

பிரிஜிட் படித்துவிட்டு என் தோளைத் தட்டினாள். "வாழ்த்துகள். இனி உனக்கும் பன் கிடையாது."

11 ஏப்ரல் 2019

முடிந்தது. அவர் கேட்டதற்கும் நாங்கள் சொன்னதற்கும் நடுவில், கொஞ்சம் எங்கள் பக்கமாகவே. தொண்ணூறு வருஷம் கூடுதல். ஜாகோ சைடர் பாட்டிலைத் திறந்தான். "நீ பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு" என்றான். சந்தோஷப்பட வேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் வீட்டையே இரண்டாம் முறை வாங்கியிருக்கிறோம்.

24 ஜூன்

அடிமனைக்கு வருஷ வாடகை கட்டும் நாள். இத்தனை வருஷமும் இந்தத் தேதியில் ரசீதுப் புத்தகத்தோடு படியேறி வருவார். புதுப் பத்திரத்தில் வாடகை, வருஷத்துக்கு ஒரு மிளகு. மனைக்காரர் கேட்டால். விளையாட்டில்லை, வாடகையே இல்லை என்பதை இந்த நாட்டுச் சட்டம் அப்படித்தான் எழுதுகிறது.

காலையிலேயே ஒரு மிளகைத் தேர்ந்து, சின்னத் தட்டில் வைத்து, கதவருகே வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன். ரசீது கேட்பதாகவும் இருந்தேன். இரண்டு முறை படியில் காலடி கேட்டது. முதலில் பிரிஜிட், பிறகு தபால்காரர். மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

சாயங்காலம் அந்த மிளகை இடித்து சூப்பில் போட்டேன். ஒற்றை மிளகுக்கு என்ன காரம் இருந்துவிடப் போகிறது? இரண்டு கிண்ணம் குடித்தேன்.