ஒரு பிரபு கொடுத்த வேலை

2 டிசம்பர் 1996, திங்கள்

நாளை ஹென்டர்சன் தொழிற்சாலையில் அப்பாவுக்கு நேர்முகத் தேர்வு. ஏற்கெனவே மூன்று இடங்களில் கைவிரித்துவிட்டதால், போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

சாப்பிடும்போது, நாங்கள் வந்து குடியேறியிருக்கும் இந்த நகருக்கு ஆக்லாந்து என்ற பெயர் வரக் காரணமான ஆங்கிலப் பிரபுவைப் பற்றி நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் இந்தியாவை ஆண்டவர், ஆப்கானிஸ்தானில் ஒரு படையையே பறிகொடுத்தவர். இங்கே கால் வைத்ததே இல்லை. ஆனால் முன்பு கடற்படைக்குப் பொறுப்பாக இருந்தபோது, வேலையில்லாத கப்டன் ஒருவருக்குக் கப்பல் கொடுத்தார். அந்தக் கப்டன் பின்னர் இங்கே ஆளுநராகி, நன்றிக்காக ஊருக்கே அவர் பெயரை வைத்தார்.

"கனகாலம் வேலையில்லாமல் இருந்தவரோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா, வருஷக்கணக்கா."

"அப்ப, எனக்கு வேலை தாறவன்ர பேரை நான் எதுக்கு வைக்கிறது?"

"பின்வளவுக் கத்தரிக்கு வையுங்கோ," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். கை கழுவிவிட்டு வந்து, "காலமை எத்தினை மணிக்கு பஸ்?" என்று என்னிடம் கேட்டார்.