ஏழாவது நாற்காலி

ஜனவரி 14

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நான் நலம்தான், இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குகிறாய். கத்திச் சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும். அதனால் இனிமேல் கடிதம்தான்.

என்னைக் கேட்காமலே நீ விண்ணப்பம் நிரப்பி அனுப்பிய குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கைவேலை செய்யும் சிறு முதலாளிகள் ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் குழுவாம். முதலாளி என்ற சொல்லைப் பார்த்ததும் படியிலேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷம் அலுவலகத்தில் பிறர் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். இப்போது சமையலறை மூலையில் சின்ன மின்சூளை ஒன்றை வைத்துக்கொண்டு களிமண் பொத்தான் சுடுகிறேன். மெருகு பூசினால் ஓட்டை அடைத்துக்கொள்கிறது. சூளையில் வைப்பதற்குள் ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். எந்த முதலாளி நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டை குத்துகிறார், சொல்.

இடம் நூலகத்து மாடியில் பின்னறை. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். வட்டமாக ஏழு நாற்காலிகள், ஏழுக்கு மேல் போடமாட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஜன்னலோரம் இருந்த ஏழாவது நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் குட்டை, சிரித்தால் ஆடும்.

ஒன்று கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று உன் எண்ணைக் கொடுத்திருக்கிறாய். நீ இருப்பது இரண்டு நாள் பயணத் தொலைவில். சூளை என்னைச் சுட்டுப் பொசுக்கினால் நீ வந்து சேர்வதற்குள் சாம்பலே ஆறியிருக்குமே!

உன் அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் படித்தேன், போதுமா? அவரிடமும் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

நீ சேர்ந்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. நாள் பூராவும் அந்தச் சமையலறையில் நீ என்ன செய்கிறாயோ என்ற கவலை இனி இல்லை. அவர்கள் சொல்வதையெல்லாம் கேள், தர்க்கம் பண்ணாதே. இங்கே அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. பெரியவனுக்குப் பரீட்சை. சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது, அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி வீட்டில் எல்லோரையும் துரத்துகிறாள்.

அவசர எண் சும்மா ஒரு சம்பிரதாயம். இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று போட்டேன்.

உன் வாலு

*

ஏப்ரல் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பல் விழுந்ததா? விழுந்தால் எனக்கு எழுதச் சொல்.

இங்கே எனக்குப் பெயர் பொத்தானக்கா. அக்கா என்று கூப்பிட இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள், உனக்குப் பொறாமையாக இருந்தால் இருக்கட்டும். மெழுகுவர்த்திக்காரர் கூச்ச சுபாவம், மேசை விளிம்பைப் பார்த்துத்தான் பேசுவார். படச்சட்டக்காரருக்கு வாய் ஓயாது. சோப்புக்காரி எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, நடந்தால் பத்து நிமிடம். திரும்பும்போது என் பையைப் பிடுங்கிக்கொண்டு வேகமாக நடப்பாள். எனக்கு முழங்கால் வலி என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மாதம் இதுவரை எத்தனை ஆர்டர் என்று வாயால் சொல்ல வேண்டும். யாரும் ரசீது கேட்பதில்லை. மாதம் முப்பது ஆர்டர் மூன்று மாதம் தொடர்ந்து வந்துவிட்டால், அவர் வளர்ந்துவிட்டார் என்று கணக்கு. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி அனுப்பிவிடுவார்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அந்த நாற்காலி. போனவர் திரும்பி வர முடியாது. பிப்ரவரியில் வாழ்த்து அட்டை செய்கிறவளை அப்படி அனுப்பினோம். சிரித்துக்கொண்டே போனாள். படியில் இறங்கும்போது நின்று மூக்கைச் சிந்திய சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எனக்கு இன்னும் ஒன்பதிலேயே நிற்கிறது. பாவம், மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். படச்சட்டக்காரர் என் பொத்தான்களை ஒரு சட்டத்தில் பதித்து நான்கு தையல் கடைகளில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார். போன வாரம் நேரம் போதாமல் ஓட்டை குத்தாத பொத்தான்களைத் தட்டோடு எடுத்துப் போய்விட்டேன். ஆளுக்கொரு ஊசி எடுத்துக்கொண்டார்கள். பேசிக்கொண்டே இருநூறையும் முடித்துவிட்டார்கள். அதில் இருபது பொத்தான் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அக்கா

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி! என்னோடு படித்தவள் ஒருத்தி குழந்தைகள் உடுப்பு தைத்து விற்கிறாள். நீ எனக்கு அனுப்பியிருந்த பொத்தான்களைக் காட்டினேன், கீழே வைக்க மனமில்லை அவளுக்கு. இரண்டாயிரம் வேண்டுமாம், மூன்று நிறத்தில். பிடித்துப்போனால் மாதாமாதம் வாங்குவாள். ஒன்பதில் நிற்கிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இனி அந்தக் கவலை விட்டது. சரி என்று உடனே எழுது.

உன் வாலு

*

மே 22

அன்புள்ள வாலுவுக்கு,

உன் தோழிக்கு என் நன்றியைச் சொல். ஆனால் இப்போதைக்கு முடியாது. சூளை பழுதாகிவிட்டது, சூடே ஏறுவதில்லை. சரியாக எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அவளை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளச் சொல்.

இங்கே வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

*

ஜூன் 7

அக்கா,

சூளையைப் பழுதுபார்க்க உன் வீட்டுக்கு வந்தவரை நான்தான் அனுப்பினேன். இருபது நிமிடம் சோதித்துவிட்டு அவர் எனக்குப் போன் செய்தார். "மேடம், சூளைல ஒரு குறையும் இல்ல. நான் போனப்பகூட சூடாத்தான் இருந்துச்சு. உள்ள பொத்தான் வெந்துக்கிட்டு இருக்கு. வாசல் வரைக்கும் பெட்டி அடுக்கியிருக்காங்க" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

தோழியிடம் நான் அசடு வழிந்ததை விடு. என்னிடம் ஏன் பொய் சொன்னாய்? பெட்டி பெட்டியாகப் போகிறதென்றால் அந்த ஒன்பது என்ன கணக்கு? நீ முன்னுக்கு வரவேண்டும் என்றுதானே தேடித் தேடி அந்தக் குழுவில் சேர்த்தேன். என்னதான் நடக்கிறது அங்கே?

வாலு

*

ஜூன் 30

அன்புள்ள வாலுவுக்கு,

குட்டு உடைந்துவிட்டது. நீ திட்டியது சரிதான்.

மார்ச்சில் முப்பத்திரண்டு ஆர்டர். ஏப்ரலில் நாற்பத்தொன்று. மே மாதம் எண்ணவே பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன். குழுவில் மட்டும் ஒன்பது, எட்டு, திரும்ப ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் எங்கே போவேன்? நான் ஒன்பது என்றதும் அவர்கள் இரக்கப்பட்டு இன்னும் ஓடியாடி உதவினார்கள். அதனால் ஆர்டர் இன்னும் கூடியது. கூடக்கூட நான் இன்னும் மறைத்தேன். இப்படி ஒரு கூத்தை நீ கேள்விப்பட்டிருக்கவே மாட்டாய்.

உன் தோழியின் இரண்டாயிரம் பொத்தானை எங்கே வைத்து மறைப்பேன்? அதனால்தான் சூளை மேல் பழியைப் போட்டேன்.

நூலகத்துக் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. பழைய துணியில் போர்வை கோக்கும் பெண் ஒருத்தி சனிதோறும் பையோடு அங்கே உட்கார்ந்திருப்பாள். பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. யாராவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் உள்ளே கூப்பிடுவார்களோ என்ற ஆசை. நான் மாடி ஏறும்போது ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"அக்கா, இன்னைக்கு எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன்.

போன சனிக்கிழமை அவள் அதைக் கேட்கவில்லை. பையிலிருந்து சின்ன மெத்தை ஒன்றை எடுத்து நீட்டினாள். "உங்க நாற்காலி ஆடுதுன்னு சோப்புக்காரக்கா சொன்னாங்க. காலுக்கு அடியில வச்சுக்குங்க" என்றாள். வாலு, எனக்கு அவமானமாக இருந்தது. என் வாழ்நாளில் அப்படி நான் கூனிக் குறுகியதில்லை.

மேலே போய், உட்காராமலே உண்மையைச் சொல்லிவிட்டேன். படச்சட்டக்காரர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சோப்புக்காரி அவரைக் காட்டினாள். "நாலு கடை ஏறி இறங்கினாரே அவரு. எங்க எல்லாரையும் கோமாளி ஆக்கிட்டீங்களேக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு குழுவை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். விதி விதிதானே. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். என் பையை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். பெஞ்சில் இருந்தவளிடம், "மேல போம்மா, இடம் இருக்கு" என்றேன்.

நேற்று சனிக்கிழமை. பழக்கதோஷம், கால் அங்கேயே போய்விட்டது. பாதி மாடி ஏறிவிட்டேன். உள்ளே சிரிப்புச் சத்தம். திரும்பி இறங்கிவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் நான் உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. நீ ஒரு சனிக்கிழமை வா. ஒன்றும் கொண்டுவராதே, எதையும் சரிசெய்யாதே. எதிரே உட்கார்ந்து ஒரு தட்டுப் பொத்தானுக்கு ஓட்டை குத்திக் கொடு, அது போதும்.

உன் அக்கா

*

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

உடனே கிளம்பி வர ஆசைதான். ஆனால் இந்த மூன்று மாதமும் அலுவலகத்தில் லீவு கேட்க முடியாத நிலை. அடுத்து பெரியவனுக்குக் கல்லூரி தேட வேண்டும். வருஷக் கடைசியில் கட்டாயம் பார்க்கலாம்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. உன் ஊரிலேயே இன்னொரு குழுவைக் கண்டுபிடித்துவிட்டேன். அது வளர்ந்தவர்களுக்கான குழு, யாரையும் வெளியே அனுப்பமாட்டார்களாம். அதுவும் சனிக்கிழமைதான். விண்ணப்பத்தை நானே நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். தோழியிடமும் பேசிவிட்டேன், பொத்தானுக்கு இன்னும் காத்திருக்கிறாள்.

எல்லாம் சரியாகிவிடும் அக்கா.

உன் வாலு

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள வாலுவுக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. நீ எவ்வளவு சிரமப்பட்டிருப்பாய் என்று தெரிகிறது. உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தில் எழுதினாற்போலவே இருக்கிறது.

உன் தோழியின் இரண்டாயிரத்தையும் முடித்து நேற்று அனுப்பிவிட்டேன். மூன்று நிறமும் நன்றாக வந்திருக்கின்றன.

போன வியாழக்கிழமை சோப்புக்காரி வந்தாள். வாசலிலேயே நின்று, "கோவம் இன்னும் போகலக்கா. ஆனா உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு பாக்காம இருக்க முடியல" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஊசியைக் கேட்டு வாங்கி நாற்பது பொத்தான் குத்தினாள். ஏழு உடைந்தது. மறுபடி வருவாளா என்று நான் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரே ஓர் இடத்தை மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் இந்த முறையும் உன் எண் இருந்தது. அதை அடித்துவிட்டுச் சோப்புக்காரியின் எண்ணை எழுதியிருக்கிறேன். உன் மேல் கோபம் இல்லை. அவள் பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள், அவ்வளவுதான். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுதிக்கங்க" என்றாள்.

சின்னவளின் பல்லைப் பற்றி நீ எழுதவே இல்லை. இதற்குள் புதுப் பல்லே முளைத்திருக்கும்.

இனி நீ கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம். நேரம் கிடைக்கும்போது போன் செய். ஸ்பீக்கரில் போட்டுக்கொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

அக்கா