நான் போடாத கையெழுத்தும் என் கணவர் திரும்பப் பெற்ற வேட்புமனுவும்

அனுப்புநர்:
திருமதி க்ளெனிஸ் ட்ரெகியர்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
ஓடை வளைவுச் சாலை, வாரன்டீன்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
தேர்தல் அலுவலர் அவர்கள்,
வாரன்டீன் வட்டார மன்றத் தேர்தல் அலுவலகம்,
வாரன்டீன்.

பொருள்: வேட்புமனு ஒன்றில் என் கையெழுத்து பொய்யாக இடப்பட்டது குறித்த புகார், என் கணவர் ராய்ஸ் ட்ரெகியரின் பெயரை வாக்காளர் பட்டியலில் தக்கவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நடைபெறவிருக்கும் மன்றத் தேர்தலுக்குச் ‘சுதந்திர மனிதர் அணி’ என்ற பெயரில் சென்ற திங்கட்கிழமை ஐந்து வேட்புமனுக்கள் தாக்கலாயின. இரண்டாவது மனு என் கணவருடையது. அதில் முன்மொழிபவராக என் பெயரும் கையெழுத்தும் காணப்படுகின்றன. அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை. அதற்கு முந்தைய வாரம் என் கணவர் என்னிடம் ஒருமுறை கேட்டார். முடியாது என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

2. இந்த அணியினர் யார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் என் வீட்டுக்குள் அவர்கள் வந்த வழியைச் சொல்லாவிட்டால் இப்புகார் முழுமை பெறாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் சாலையில் மன்றத்தார் ஒரு மதகைத் தவறான மட்டத்தில் கட்டினார்கள். அடுத்த மழையில் எங்கள் கோதுமை வயலில் பாதி நீரில் கிடந்தது. என் கணவர் பதினான்கு மாதங்கள் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த நேரத்தில்தான் திரு. டேரல் ப்ரூக்மன் என்பவர் கண்காட்சித் திடல் கூடத்தில் கூட்டம் போட்டார். அரசாங்கம் என்பது வெறும் கம்பெனி என்றும், நம் சம்மதம் இல்லாமல் எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாது என்றும் பேசினார். என் கணவரின் மதகுக் கதையை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். இதை நான் அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

3. அதன்பின் என் கணவர் வாக்களிப்பதை நிறுத்தினார். தாம் எந்தப் பட்டியலிலும் அடங்காத உயிருள்ள மனிதர் என்றும், தம் பெயரை நீக்க வேண்டும் என்றும் தேர்தல் அலுவலகத்துக்குச் சிவப்பு மையில் கைநாட்டு வைத்து ஓர் அறிக்கை அனுப்பினார். பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. வண்டியின் பதிவைப் புதுப்பிக்காமல், வீட்டிலேயே செய்த எண் பலகையை மாட்டி ஓட்டினார். காவலர் நிறுத்தியபோது கையில் இருந்த தாள்களை வாசித்துக் காட்டினார். ஓட்டுநர் உரிமம் போயிற்று. உரிமம் இல்லாதவரைத் தீயணைப்பு வண்டி ஓட்ட விட முடியாது என்று, இருபத்தாறு ஆண்டுகள் தொண்டராக இருந்த படையிலிருந்தும் விலக்கி வைத்தார்கள். அன்று அவர் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு.

4. இந்த ஆண்டு தொடக்கத்தில் திரு. ப்ரூக்மன் திசையை மாற்றினார். வாக்களிப்பதே அடிமைத்தனம் என்று சொல்லி வந்தவர், மன்றத்தின் ஒன்பது இடங்களில் ஐந்தைப் பிடித்துவிட்டால் ஊரே நம் கையில் என்று பேச ஆரம்பித்தார். நான் என் கணவரிடம் கேட்டேன்: “ஓட்டே கூடாதுன்னு சொன்ன ஆளு, இப்ப உன்னையே ஓட்டுக் கேக்க அனுப்புறானே ராய்ஸ், இது உனக்கு ஒரு மாதிரியா படலையா?”

“மதகைச் சரி பண்ணணும்னா உள்ள போய்த்தான் ஆகணும் க்ளென்” என்றார். மதகு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்.

5. செவ்வாய்க்கிழமை பிற்பகல், பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைக் கொட்டகையில் நிறுத்தும்போது தங்கள் அலுவலகத்திலிருந்து செல்வி கெரின் லாக் அழைத்தார். “மிஸஸ் ட்ரெகியர், முன்மொழிஞ்சவங்களை ஒவ்வொருத்தரா சரிபாக்குறோம். இது நீங்க போட்ட கையெழுத்துதானே?” என்றார். ஆம் என்றால் நான் பொய் சொன்னவள். இல்லை என்றால் என் கணவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்புபவள். நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

6. செல்வி லாக் படிவத்தை என் முன் வைத்தார். என் பெயரையே பிழையாக எழுதியிருந்தார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தது. ஐயா, என் கணவருக்கும் எனக்கும் திருமணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் எத்தனையோ தவறு செய்திருக்கிறார். என் பெயரை மட்டும் பிழையாக எழுத மாட்டார். அந்தப் பிழையைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி லாக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அதற்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

7. படிவத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துச் சென்று என் கணவர் முன் வைத்தேன். வாசித்தார். பிறகு என் எதிரிலேயே திரு. ப்ரூக்மனுக்குத் தொலைபேசி செய்து, ஒலியைப் பெரிதாக வைத்தார். இருவரும் பேசியதை நான் கேட்டபடி எழுதுகிறேன்.

“டேரல், க்ளெனிஸ் கையெழுத்தை யார் போட்டது?”

“அட, கடைசி நேரத்துல ஒரு கையெழுத்து குறைஞ்சுது, நான்தான் போட்டேன். உன் பொண்டாட்டிதானேப்பா, அவ என்ன கேஸா போடப் போறா?”

“அவ சம்மதிக்கலையே.”

“ராய்ஸ், இதெல்லாம் வெறும் காகிதம்.”

“மூணு வருஷமா சம்மதம் சம்மதம்னு சொல்லித்தானே எங்களை உக்கார வச்ச? என் வீட்டுக்காரி முடியாதுன்னு சொன்னா முடியாதுதான். என் பேரை எடுத்துடு.”

திரு. ப்ரூக்மன் அவரைக் கோழை என்றார். என் கணவர் இணைப்பைத் துண்டித்தார். பிறகு என்னைப் பார்த்து, “காலையில உன் பஸ்ல என்னை டவுன்ல இறக்கி விடுறியா?” என்றார்.

8. புதன்கிழமை காலை, கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது, என் கணவர் தங்கள் அலுவலகத்தில் தம் வேட்புமனுவைத் திரும்பப் பெற்றார். அதற்கான சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பிற்பகலில் நான் அவரை ஏற்றிக்கொண்டபோது ரொட்டிக்கடையில் வாங்கிய, இறைச்சி அடைத்துச் சுட்ட ‘மீட் பை’ இரண்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “நீங்க ஏன் ஸ்கூல் பஸ்ல வர்றீங்க?” என்று கேட்டாள். “வண்டி ஓட்டத் தெரியாம போயிடுச்சு, மறுபடியும் கத்துக்கணும்” என்றார். அவர் சிரித்துப் பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

9. ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவை. என் பெயரில் கையெழுத்திட்டது யார் என்பதை முறைப்படி விசாரித்து, நானும் என் கணவரும் அதில் சம்பந்தப்படவில்லை என்பதை எழுத்தில் தர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் அனுப்பிய அறிக்கையை அவர் திரும்பப் பெறுகிறார். அவர் கைப்பட எழுதிய கடிதம் இணைப்பில் உள்ளது. அதை ஏற்று அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் தொடர ஆவன செய்ய வேண்டும். தீயணைப்புச் சீருடையில் அவர் படம் போட்ட சுவரொட்டிகள் இன்னும் பிரதான சாலைக் கம்பங்களில் தொங்குகின்றன. அவற்றை அகற்ற உத்தரவிட வேண்டும். அந்தச் சீருடையைக் காட்டி வாக்குக் கேட்பதில் அவருக்கு மிகுந்த வெட்கம்.

10. அந்த அணியின் மற்ற நால்வரையும் தேர்தலில் நிற்க விடக்கூடாது என்று நான் கேட்கவில்லை. அவர்களில் இருவர் எனக்கு அண்டை வீட்டார். அவர்களுக்கும் மன்றத்தின் மேல் நியாயமான கோபம் உண்டு. மெய்யான கையெழுத்துகளோடு நிற்கட்டும். எல்லாரையும் போல வாக்கு எண்ணும் நாளில் வந்து முடிவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

11. விசாரணையில் சாட்சி சொல்ல என் கணவர் சம்மதித்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. திரு. ப்ரூக்மன் எதிரில் நின்று பேச வேண்டியிருக்கும் என்று எச்சரித்தேன். “என்னை வச்சுத்தானே ஊருல பாதிப் பேரு அந்தக் கூட்டத்துக்கு வந்தாங்க. நான்தான் சொல்லணும்” என்றார். நவம்பரில் அறுவடை, அந்த மாதத்தைத் தவிர்த்து எந்த நாளைக் குறித்தாலும் வருவோம்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி,

க்ளெனிஸ் ட்ரெகியர்
(கையொப்பம்)

மேற்கண்டவற்றில் என்னைப் பற்றி எழுதியிருப்பது அனைத்தும் உண்மை. படித்துப் பார்த்தேன்.
ராய்ஸ் ட்ரெகியர்
(கையொப்பம்)

இடம்: வாரன்டீன்
நாள்: 19 ஆகஸ்ட் 2024

இணைப்பு: வேட்புமனு நகல், திரும்பப் பெற்றதற்கான சான்று, என் கணவரின் கடிதம்.