பாய்லர் என்று ஒரு பேர்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் சுகம். எப்போதும் வழக்கத்துக்கு எழுதுகிற வரிதான், ஆனால் இந்தத் தடவை டாக்டர் வாயால் கேட்டுவிட்டு எழுதுகிறேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். சின்னவள் கழுத்தில் இருப்பது சாதாரணக் கட்டிதான் என்று அம்மா உனக்கு அன்றைக்கே போனில் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டாள். நானே பேசலாமென்றால் போனைப் பிடித்தாலே என் குரல் தானாக ஏறிவிடுகிறது, அதனால் பேனாவை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பிஸ்கட் கம்பெனியில் பாய்லரை ஆறவைத்து இன்ஸ்பெக்டருக்குக் காட்டுகிற நாள். வேலை சீக்கிரம் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு. மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் ரிசல்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். நாலு மாதமாகக் கழுத்தில் கட்டியாம், ஊசி குத்திச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். மாடி வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, அத்தனை தூரத்தில் இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது, தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளும் அவள் கழுத்தில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு திரிந்தபோது ஏதோ புது நாகரிகம் என்று நினைத்தேன், மடையன்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் பாதி வழி ஓடியே போனேன். மூன்றாவது மாடி வராந்தாவில், ஒரு நீள பெஞ்சின் கடைசியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சின்னவள் எழுந்து வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, இங்க கத்தாதீங்கப்பா, ப்ளீஸ். வீட்டுக்குப் போய் என்ன வேணா திட்டுங்க." கழுத்தில் கட்டியோடு, என்ன வரப்போகிறதோ என்று காத்திருக்கிற பிள்ளை, கட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். "கத்த வரலைம்மா. எனக்குப் பயமா இருக்கு," என்றேன். இந்த வார்த்தையை உங்கள் முன்னால் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது, கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

டாக்டரம்மா கூப்பிட்டதும் மூவரும் உள்ளே போனோம். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்," என்றார். அம்மா அழுதாள், சின்னவள் சிரித்தாள், நான் டாக்டரம்மாவுக்கு மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டு, வெளியே போகிற கதவென்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்தேன். பிறகு கேன்டீனில் உட்கார்ந்து நாலு மாதத்துக் கதையையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

கம்பெனியில் என்னைப் பாய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். பேர் வந்த கதை தெரியாது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் சூடு ஆறாத வால்வில் கையை வைக்கப்போனார். கட்டடமே அதிரக் கத்தினேன். கை வெந்துவிடுமே என்ற பயத்தில் கத்தியது. மறுநாளே பேர் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்துப்போயிற்று. பாய்லர் வருகிறார் என்றால் வேலை மளமளவென்று நடந்தது. வீட்டில் அம்மாவுக்கும் சௌகரியம், "அப்பா வரட்டும்" என்றால் நீங்கள் இருவரும் கப்சிப். பேருக்குத் தகுந்தாற்போல் நானும் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறிக்கொண்டே இருந்துவிட்டேன். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்கும், அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். போன வருஷம் உன் வேலை போனதை மூன்று மாதம் கழித்து என்னிடம் சொன்னாய். அந்த மூன்று மாதமும் தனியாக என்ன பாடுபட்டாயோ. அதற்கு நான்தான் காரணம், மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஒரே வாரத்தில் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். நேற்றுக்கூட, குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம் கத்திவிட்டேன். சின்னவள் அவர் முன்னாலேயே, "அண்ணே, பயப்படாதீங்க, இது வெறும் நீராவிதான்," என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் எதைச் சொல்லி மிரட்டுவது என்று அம்மாவுக்குத்தான் கவலை.

அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மனசுக்கு எந்தக் குறையும் வராமல் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அதுதான் அப்பா அம்மாவின் ஆசி. இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் அம்மாவிடம், "அப்பா எப்படி இருக்கார், நல்ல மூடா?" என்று மெதுவாகக் கேட்பாய். அது எனக்குக் காதில் விழும், இத்தனை வருஷமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வாரம் போனை நானே எடுக்கிறேன். நல்லதோ கெட்டதோ, நேராக என்னிடம் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா